மேலிடத்து ஸ்டைல்

"பதினாலாவது புத்தகத்தை எழுதினது யாரு சார்?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. கேட்டவர் ஆய்வேடு சரிபார்ப்புப் பிரிவின் அதிகாரி. கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரைப் பார்த்ததாக அந்தக் கட்டடத்தில் யாரும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. அதனால் அவருக்குச் சிவப்பு மேடம் என்றே பேர் நிலைத்துவிட்டது.

இந்தப் பக்கம் நின்றவரை எல்லோரும் சீனியர் என்பார்கள். ஆய்வுக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் பதிவு செய்த மாதம் பிறந்த மகள் இப்போது நாலாம் வகுப்பு. "எங்கப்பாவும் படிக்கிறார்" என்று அவள் வகுப்பில் பெருமையாகச் சொல்லப்போக, "எத்தனாவது?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "அது அவருக்கே தெரியல மிஸ்" என்று குழந்தை உள்ளதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வரிசையில் நிற்கும் மனிதர்களின் பொறுமை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சீனியரின் ஆய்வு. முந்நூற்று நாற்பது பக்கம். கடைசியில் துணைநூற்பட்டியலாக இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பதிவு காலாவதி ஆகிறது. நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு அந்த முந்நூற்று நாற்பது பக்கமும் பழைய பேப்பர்காரரின் சொத்து.

இன்று திங்கள்.

"சார், உங்களைத்தான். பதினாலு."

"அவர் பெரிய அறிஞர் மேடம்."

"உங்க பிரிண்ட்ல ஒரு பேரு இருக்கு. என் ஸ்க்ரீன்ல வேற பேரு இருக்கு."

"உங்க ஸ்க்ரீன்ல இருக்கறது அவரோட அப்பா மேடம்."

விஷயம் இதுதான். புத்தகங்களின் விவரத்தையெல்லாம் ஒரு மென்பொருளில் கொட்டி வைத்தால், ஆய்வேட்டின் கடைசியில் அதுவே பட்டியல் போட்டுவிடும். பெயர் எங்கே வரவேண்டும், வருஷம் எங்கே, கமா எங்கே என்பதையெல்லாம் சொல்லும் கோப்புக்கு ஸ்டைல் என்று பேர். நிறுவனத்துக்கென்று தனி ஸ்டைல் உண்டு. அந்த ஸ்டைல் யார் பெயரைப் பார்த்தாலும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை மரியாதையாகச் சேர்த்துக்கொண்ட எழுத்தாளர்கள் கதி அதோகதி. எழுதினவர் ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருங்கிவிடுவார். எழுத்தறிவே இல்லாத அப்பா முழுப் பெயரோடு முன்னால் நிற்பார்.

"கையால மாத்தினீங்களா?"

"ஆமா மேடம். முப்பத்தேழு பிள்ளைங்களை மீட்டு எடுத்திருக்கேன்."

"கையால மாத்தக் கூடாது. ஸ்டைல் என்ன சொல்லுதோ அதுதான்."

"ஸ்டைலே தப்புச் சொன்னா?"

சூரியன் நாளைக்கு லீவு என்று சொன்னவனைப் பார்ப்பது போல மேடம் அவரைப் பார்த்தார்.

"அது மேலிடத்துல உக்காந்து பண்ணின ஸ்டைல் சார்."

"மேலிடம்னா யாரு மேடம்?"

"மேலிடம்னா மேலிடம்தான். அடுத்தவர் வாங்க."

மேடத்தின் முறை எளிமையானது. ஆய்வாளர் கொண்டுவரும் பென் டிரைவைத் தன் கணினியில் செருகுவார். கோப்பைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்குவார். பட்டியல் அவர் திரையில் புதிதாக ஒருமுறை எழுதப்படும். பக்கத்தில் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் சிவப்பு வட்டம். எது சரி என்று சொல்ல மாட்டார். திரையைத் திருப்பிக் காட்டவும் மாட்டார். வினாத்தாளைப் போல உடம்பால் மறைத்துக்கொள்வார்.

முப்பத்தேழு வட்டங்களோடு சீனியர் ஆய்வாளர் கூடத்துக்கு வந்து ஜன்னலோரத் தன் இருக்கையில் விழுந்தார்.

"என்ன சீனியர், அம்மை போட்டிருக்கு?" என்று பிரதியை எட்டிப் பார்த்துக் கேட்டாள் பூச்சி. கரையான்களைப் பற்றி ஆராய்கிறவள். அந்தக் கூடத்தில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஆராய்வது எதுவோ அதுதான் பேர். சீனியருக்குக்கூட முதலில் வரிசை என்றுதான் வைத்தார்கள். வருஷம் போகப்போக மரியாதை கூடிவிட்டது.

"ஸ்டைல்ல இருக்கற தப்புக்கு என் தலையை உருட்டறாங்க, பூச்சி."

"கையால மாத்தினா விட மாட்டாங்க. ஸ்டைலையே திறந்து மாத்திக்கோங்களேன். உங்க ஃபைல்ல என்ன ஸ்டைல் ஒட்டியிருக்கோ அதுதானே அவங்க ஸ்க்ரீன்லயும் விரியும்?"

"அப்படியா?"

"அப்படித்தான் இருக்கணும்" என்றாள் பூச்சி. கரையானைப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் இந்த உறுதியோடுதான் பேசுவாள்.

சீனியர் ஸ்டைலைத் திறந்தார். உள்ளே அம்புக்குறி அம்புக்குறியாக ஒரு முள்வேலி. அதற்குள் கையை விட்டு, குத்து வாங்கி, மதியம் மூன்று மணிக்குப் பெயர் வரிசையைப் பிடித்தார். கடைசிச் சொல்லை முன்னால் தூக்காதே, முதல் சொல்லைத் தூக்கு என்று மாற்றினார். சேமிக்கும்போது ஒரு பெட்டி எழுந்து நின்று நாலு வரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. படித்த மனிதர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். படிக்காமல் 'ஆம்' என்று அமுக்கினார்.

முப்பத்தேழு பிள்ளைகளும் தலை நிமிர்ந்தார்கள். அப்பாக்கள் பின்னால் போய் ஒற்றை எழுத்தாக அடங்கினார்கள். சீனியர் அச்சடித்து, கம்பிச் சுருள் பைண்டிங் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை மனைவி, ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, சாப்பாட்டு மேஜையில் கிடந்த பிரதியைப் புரட்டினாள். ஒன்பது வருஷமாக அந்த மேஜையில் யாரும் சாப்பிட்டதில்லை. அது சீனியரின் புத்தகங்கள் குடியிருக்கும் இடம். குடும்பம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு வாழப் பழகியிருந்தது.

"என்னங்க, இந்த 'நகர, கு. வா.' யாரு?"

"யாரு?"

"அறுபத்தி மூணாவது. நகர, கு. வா. ஏதோ பெரியவர் மாதிரி இருக்கே."

சீனியர் பிடுங்கிப் பார்த்தார். நகரக் குடிநீர் வாரியம். நேற்றைய திருத்தம் வாரியத்தையும் ஒரு மனுஷனாக நினைத்து, முதல் சொல்லைப் பெயராக்கி, குடிநீரையும் வாரியத்தையும் இனிஷியல் ஆக்கியிருந்தது.

"போச்சு! வாரியத்துக்கு அப்பா முளைச்சிட்டார்."

"பாவம், தாத்தாவும் சேர்ந்து இருக்கார்" என்றாள் மனைவி, 'கு'வையும் 'வா'வையும் விரலால் தொட்டுக் காட்டி. "இங்க பாருங்க, வெள்ளி வரைக்கும்தான் என் பொறுமை. சனிக்கிழமை காலையில இந்த மேஜையில நான் தட்டு வெச்சுச் சாப்பிடுவேன். இந்தப் புத்தகமெல்லாம் எங்க போகுதுங்கறது உங்க கவலை."

சீனியர் ஒன்பது மணிக்கே கூடத்துக்கு ஓடினார். ஸ்டைலைத் திறந்தார், யார் பெயரையும் சுருக்காதே என்று மாற்றினார், பெட்டிக்கு 'ஆம்' சொன்னார். மீண்டும் அச்சடித்து பைண்டிங் போட அரை நாள் ஆகும். மேடத்தைப் பார்க்க டோக்கன் கொடுப்பதோ பத்து மணிக்கு. ஒரு நாளை விட்டுவிடலாமா? வேண்டாம், நேற்றுப் போட்ட பிரதியையே நீட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு வாரியம். அந்தம்மா கண்ணில் படவா போகிறது?

பட்டது. சிவப்பு மேடம் பக்கங்களைப் புரட்டி வந்து, நேராக வாரியத்தின் தலையில் ஒரு வட்டம் போட்டார். அங்கே ஆரம்பித்து, இனிஷியல் இருந்த இடமெல்லாம் வட்டம் போட்டார்.

சீனியர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தார். காலையில் தனக்கு உறுத்திய அதே இடம்!

"மேடம், இது எப்படி உங்க கண்ணுல..."

"என் கண்ணுல என்ன இருக்கு? ஸ்டைல்ல இருக்கு. அடுத்தவர்."

அடுத்தவர் பாலம். பாலங்களில் விழும் விரிசல்களை ஆராய்கிறவர், விரிசலே விழாத மனிதர். திங்கட்கிழமை ஏற்கப்பட்ட நண்பர் ஒருவரின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கமாவுக்குக் கமா அப்படியே அமைத்திருந்தார். வெளியே வரும்போது பிரதி முழுக்க வட்டம்.

"நேத்து இதே மாதிரிதான் பாஸ் பண்ணினாங்க" என்றார் பாலம், குரலில் முதல் விரிசலோடு.

செவ்வாய் மாலை சீனியர் காலையில் திருத்திய ஸ்டைலோடு புதுப் பிரதி எடுத்தார். புதன் காலை மனைவி சாய்ந்து நின்றபடி படித்தாள்.

"நீங்க எடுத்த புத்தகமெல்லாம் ஊரே சேர்ந்து எழுதினதா?"

"ஏன்?"

"எல்லார் பேருக்குப் பின்னாடியும் 'மற்றும் பலர்'னு இருக்கு. ஒத்தை ஆளு எழுதின புத்தகத்துக்கும் ஒரு கூட்டத்தைத் துணைக்கு அனுப்பியிருக்கீங்க."

முள்வேலிக்குள் எதையோ பிடித்து இழுத்ததில் பக்கத்து முள் எங்கோ மாட்டியிருக்கிறது. சீனியர் ஓடினார், கூட்டத்தைக் கலைத்தார், 'ஆம்' என்றார். நேற்றைய பிரதியையே கொண்டுபோய் நீட்டினார். 'மற்றும் பலர்' ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். இருநூற்றுப் பன்னிரண்டு. போட்டு முடித்ததும் மேடம் விரலைச் சொடுக்கிக்கொண்டார். பேனாவில் மை தீர்ந்துபோய்ப் புதுசு எடுத்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லுங்க. இந்த விதி தினம் மாறுதா?"

மேடம் இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துவிட்டுக் கண்ணாடி ஓட்டைக்கு அருகில் வந்தார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றுதான் கேட்கிறார்கள்.

"உங்க கிட்ட சொல்றதுக்கென்ன. தினம் காலையில வேற மாதிரி இருக்கு சார். நானும் கண்ணைத் தேச்சுத் தேச்சுப் பார்க்கிறேன்."

"மேலிடத்தைக் கேக்கலாமே?"

"பதினெட்டு வருஷமா மேலிடத்தை ஒரு கேள்வி கேட்டது கிடையாது. அதனாலதான் பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இது நான் சொன்னதா வெளிய வரக் கூடாது. அடுத்தவர்!"

வெளியே வந்த சீனியர் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அந்த ஒருவர் பூச்சியாகப் போய்விட்டது. பகல் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை மனைவி பிரதியைத் திறக்கவில்லை. மகள்தான் திறந்தாள்.

"அப்பா, இந்த 'மேலது' நிறைய எழுதியிருக்காரே, பெரிய ஆளா?"

இந்த முறை பட்டியலில் முதல் புத்தகத்துக்கு மட்டும்தான் ஆசிரியர் இருந்தார். அதற்குக் கீழே எல்லாம் மேலது. அதற்கும் கீழே மேலது. எட்டுப் பக்கத்துக்கு மேலது. நூற்றுத் தொண்ணூறாவது புத்தகத்தை எழுதியவர் யார் என்று தெரிய மாடிப்படி ஏறுவது போல முதல் பக்கம் வரைக்கும் ஏறவேண்டும். ஏறிப் போனால் அங்கே நிற்பவருக்கும் இந்தப் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சீனியர் ஒன்பது மணிக்கு மேலதுகளை ஒழித்தார். பதினொன்றுக்கு மேடம் அதே மேலதுகளுக்கு வட்டம் போட்டார். இது மனுஷக் காரியமே இல்லை என்று சீனியருக்குத் தோன்றியது. நான் காலையில் எதை நினைத்துக் கலங்குகிறேனோ, இந்தம்மா பகலில் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள்! என் மண்டைக்குள் ஜன்னல் வைத்துப் பார்க்கிறார்களா?

வரிசை அன்றைக்கு மாடிப்படி இறங்கி வாசல் வரை நின்றது. முப்பத்தொரு பேர். வரிசையில் நிற்பவர்களுக்கு நாற்பது நிமிஷத்தில் பொறுமை போகும் என்று சீனியர் ஆறாம் அத்தியாயத்தில் நிறுவியிருந்தார். இங்கே பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டது. ஆய்வேட்டில் அதையும் திருத்தவேண்டுமே என்று ஒரு கணம் நடுங்கினார்.

"யாரோ ஒருத்தன் இருக்கான் சீனியர்" என்றாள் பூச்சி. "தினம் காலையில எழுந்து, பல்லு விளக்கி, காபியைக் குடிச்சிட்டு, இன்னைக்கு யாரைக் கெடுக்கலாம்னு வந்து உக்காந்துடறான்."

"ஒருத்தன் இல்ல, குழுவா இருக்கும்" என்றார் பாலம். "இவ்வளவு முட்டாள்தனம் ஒரு ஆளால முடியாது."

"நீங்கதான் பேசணும் சீனியர். உங்களுக்குத்தான் நாளைக்கு நாலு மணி."

ஒன்பது வருஷத்தில் சீனியரை யாரும் பேசச் சொன்னதில்லை. படியில் ஏறி நின்றார். விதி என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன, கமா என்றால் என்ன என்று இருபது நிமிஷம் பேசினார். கூட்டம் கை தட்டியது. அங்கேயே மனு எழுதினார்கள். எழுதியது சீனியர், ஆளுக்கொரு வாக்கியம் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் கோரிக்கை: முப்பத்தொரு பேருக்கும் ஒரு மாதம் அவகாசம். இரண்டாவது: விதியை மாற்றும் அந்த நபரை நாளை நாலு மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

"தண்டனை?" என்றாள் பூச்சி.

"எச்சரிக்கை பண்ணச் சொல்லுவோம்" என்றார் பாலம்.

"எச்சரிக்கையா?" சீனியரின் கண்ணில் இருநூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள் சுழன்றன. "எழுதுங்க. இல்ல, நானே எழுதறேன். அந்த நபர் முப்பத்தொரு ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலையும் தன் கையால், ஒரு கமா பிசகாமல், எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி முடிக்கும் வரை அவருடைய எந்தக் காகிதத்தையும் இந்த நிறுவனம் வாங்கக் கூடாது. எந்த அவகாசமும் அவருக்குக் கிடையாது."

"கொஞ்சம் அதிகமா இல்ல?"

"அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், பிள்ளை குட்டி இருக்கும்னு பார்க்கிறீங்களா? நமக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார் சீனியர். கீழே முப்பது பேர் வரிசையாகப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பதிவாளர் அறையில் நின்றார்கள். பதிவாளர் மனுவைப் படித்தார். மூக்கு சிவந்தது.

"மேலிடம்னு ஒருத்தர் மாத்தறாரா? இந்தக் கட்டடத்துல எனக்கு மேல யாருய்யா மேலிடம்?"

சிவப்பு மேடம் வரவழைக்கப்பட்டார். "நீங்கதான் மாத்தறீங்கன்னு நினைச்சேன் சார்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எனக்கு அந்த மென்பொருளைத் திறக்கவே தெரியாதும்மா!"

பதிவாளருக்கு இது நிறுவனப் பிரச்சினையிலிருந்து மானப் பிரச்சினையாக மாறிவிட்டது. தன் தலைக்கு மேலே ஒரு மேலிடம் ரகசியமாக உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணத்தை அவரால் தாங்க முடியவில்லை. கணினி அறைக்குப் போனைப் போட்டு, யார் கைவரிசை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தாக வேண்டும் என்றார். பேனாவை எடுத்தார். மூன்று கோரிக்கைகளையும் ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் ஏற்பதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். மனுவின் நகல் ஒன்று கணினி அறைக்குப் போயிற்று.

சீனியருக்குக் கண் கலங்கிவிட்டது. நடைக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"ஒரு மாசம் கிடைச்சாச்சு!"

"மேஜை?"

"நாளைக்கே காலி பண்றேன். மூணு வேளையும் அதுலயே சாப்பிடலாம். இங்க எல்லாரும் என்னைத் தலைவர் மாதிரி பார்க்கிறாங்க தெரியுமா?"

"அந்த ஆளைப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சிடுவாங்க. மாட்டினான்னா வெச்சுக்கோ, ஆயுசுக்கும் கமா போட்டே சாகணும். தண்டனையை நானே எழுதினேன்."

மூன்றரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கணினி அறைக்காரர் வந்தார். தரைத்தளத்தை விட்டு அவர் மேலே வந்து யாரும் பார்த்ததில்லை. காதில் ஸ்க்ரூ டிரைவர், ஒரு கையில் துண்டுச் சீட்டு, மறு கையில் மனுவின் நகல். முப்பத்தொரு பேரும் பதிவாளர் அறைக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்தார்கள். சிவப்பு மேடம் கதவோரம் நின்றார்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் பதிவாளர்.

"அது ஒண்ணும் கஷ்டமில்ல சார். யார் திறந்தாலும் பேரு பதிவாகும். ஸ்டைல் ஃபைல் நம்ம எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு இடத்துல மாத்தினா மேடம் ஸ்க்ரீன்லயும் மாறிடும், மத்த எல்லாருக்கும் மாறிடும்."

"எந்தக் குழு?"

"குழு எல்லாம் இல்ல சார். ஒரே ஆளு. திங்கட்கிழமை மதியம் ஆரம்பிச்சிருக்கார். அப்புறம் தினம் காலையில ஒன்பது மணிக்கு வந்து ஒண்ணை மாத்திட்டுப் போயிருக்கார்."

"நான் சொல்லல?" என்று கத்தினாள் பூச்சி.

கூட்டம் கொதித்தது. எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் முன்வரிசையில் நின்ற சீனியர்தான்.

"பேரைச் சொல்லுங்க! இப்பவே சொல்லுங்க! முப்பத்தொரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தின அந்தப் புண்ணியவான் யாரு?"

கணினி அறைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு துண்டுச் சீட்டைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"நான் எதுக்கு சார் சொல்லணும்? அவரே இந்த மனுவுல முதல் கையெழுத்தா, பெருசா போட்டிருக்காரே!"